அம்பாசடரின் பிரேக் லைட் எரியாமை: ஒரு மூலபாட ஆய்வு

பூம்புகாரைக் கடல் கொண்டது பற்றிக் கருத்தரங்குகள் நடக்கின்றன. சோழர் காலத்து ஏரி வாரியத்துக்கு முனைவர் பட்டங்கள் தரப்படுகின்றன. நேற்றுவரை எரிந்த அம்பாசடரின் இடப்பக்க பிரேக் லைட் இன்று ஏன் எரியவில்லை என்ற வினாவுக்கு மட்டும் நம் பல்கலைக்கழகம் எதிலும் ஓர் இருக்கை கிடையாது. துறை அறிஞர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பைபாஸ் ரோட்டோரம் வேப்பமரத்தடியில் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் வண்டிக்கு அடியில் படுப்பதில்லை. இவ்விரு சாராருக்கும் நடுவே சிந்திக் கிடக்கும் அறிவைத் திரட்டித் தருவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை

அம்பாசடரைத் தேர்ந்ததற்குக் காரணம் பாசம் என்று யாரும் ஐயுற வேண்டாம்; முறையியல்தான் காரணம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்டு 1950-களின் இறுதியில் பிறந்த இந்த வண்டி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. முகப்பு கிரில் மாறியது, எஞ்சின் மாறியது, பெயருக்குப் பின்னால் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று எண் ஏறியது. உருவம் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. ஒரே நூலை அரை நூற்றாண்டுக்கு மேல் விடாமல் படியெடுத்தால் எத்தனை பிழை சேரும் என்று பார்க்க விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல சான்றுப்பொருள் வாய்க்காது. பம்பாயின் பிரிமியர் பத்மினியும் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் தனித்தனி ஆய்வேடுகளுக்கு உரியவை; அவற்றின் உரிமையாளர்கள் பொறுத்தருள்க. 2017-இல் அம்பாசடர் என்ற பெயரை பிரான்ஸின் பியூஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயர்தான் போனது. ஒயரிங் நம்மிடமே இருக்கிறது.

விளக்குக்கு முன்பு கை இருந்தது. வேகம் குறைக்கப் போகிறவர் வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மேலும் கீழுமாகப் பலமுறை அசைக்க வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. ஓட்டுநர் உரிமம் வாங்கும் நாளில் எல்லோருக்கும் தெரிந்திருந்து மறுநாள் மறந்துபோகும் விதி இது. மௌனப்பட நடிகை ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ், பிரேக்கை மிதித்ததும் காரின் பின்னால் ஒரு பலகை எழுந்து ‘நிறுத்தம்’ என்று காட்டும் ஏற்பாட்டை 1914 வாக்கில் செய்தார் என்று மோட்டார் வரலாறுகளில் வழக்கமாகச் சொல்லப்படும். பலகைக்கு பல்ப் வேண்டாம், ஃபியூஸ் வேண்டாம், எர்த் வேண்டாம். மனிதகுலம் அந்த வழியைக் கைவிட்டது.

காணாமைச் சிக்கல்

ஒரு காரின் பிரேக் லைட்டைப் பார்க்கும் உரிமை உலகில் அனைவருக்கும் உண்டு, அதை எரிய வைப்பவர் ஒருவரைத் தவிர. ஹெட்லைட் போனால் ஓட்டுபவருக்குத் தெரியும். ஹாரன் போனால் தெரியும். பிரேக் லைட் போனால் பின்னால் வரும் லாரிக்காரருக்குத்தான் தெரியும். அவர் அதை அறிவிக்கும் முறை பம்பருக்கு நல்லதல்ல. ஆகவே நம் தருக்க நூலார் வகுத்த காட்சி, அனுமானம், ஆப்தவாக்கியம் என்னும் மூன்று அளவைகளையும் இங்கே ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

காட்சி, இரவில் மட்டும் ஓரளவு பயன்படும். வெள்ளையடித்த மதிலுக்கு முன்னால் பின்பக்கமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி மிதித்தால், மதிலில் சிவப்பு ஏறி இறங்குவது கண்ணாடியில் தெரியும். இரு திட்டா, ஒரு திட்டா என்று எண்ணிக்கொள்ளலாம். அனுமானம் என்பது பின்னால் வரும் பேருந்தின் ஹாரனிலிருந்து பெறப்படுவது. நம் சாலைகளில் ஹாரனுக்குக் காரணம் தேடுவது வீண் என்பதால் இவ்வளவையைத் தள்ளிவிடலாம். எஞ்சுவது ஆப்தவாக்கியம். சிக்னலில் ஒரு டூ-வீலர்காரர் கண்ணாடியைத் தட்டி, “சார், பிரேக் லைட் எரியல, பாத்துக்குங்க” என்கிறார். கைம்மாறு கருதாத சாட்சி; ஆயினும் முழுமையற்ற சாட்சி. இடமா வலமா என்று அவர் சொல்வதில்லை. இரவானால், அவர் சொல்வது டெயில் லைட்டையா பிரேக் லைட்டையா என்பதும் தெளிவில்லை. குறுக்கு விசாரணை தொடங்குவதற்குள் பச்சை விழுந்துவிடுகிறது.

இக்காரணத்தால் ஆய்வாளர்கள் வீட்டு வாசலில் சோதனைக்கூடம் அமைப்பதே வழக்கம். தந்தை இருக்கையில் அமர்ந்து மிதிக்கிறார். மகள் டிக்கிக்குப் பின்னால் நிற்கிறாள்.

“எரியுதாம்மா?”

“எரியுதுப்பா.”

“ரெண்டுமா?”

“ஒண்ணு நல்லா எரியுது. இன்னொண்ணு எரியற மாதிரி இருக்கு.”

இந்த விடையைக் கேட்டு எரிச்சலடையும் தந்தையர் பலர். “எரியுதா, இல்லையா, ஒண்ணு சொல்லு” என்று அதட்டிவிட்டு, அவளை உள்ளே அனுப்பிவிட்டு, புது பல்ப் வாங்கப் போகிறார்கள். மொத்த நோயும் அந்தச் சிறுமியின் ‘எரியற மாதிரி’க்குள் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர் நிறுவுவோம்.

வீட்டில் யாரும் இல்லாத ஆய்வாளர், ஜாக்கி லீவரை எடுத்து இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டுத் தாமே பின்னால் போய்ப் பார்க்கலாம். செங்கல் வைப்பது பயனில்லை. பழைய அம்பாசடரின் பிரேக் லைட் பெடலின் அசைவுக்கு எரிவதில்லை, அழுத்தத்துக்குத்தான் எரிகிறது. செங்கல்லுக்கு அந்தக் கனம் போதாது.

நான்கு மதங்கள்

எரியாமைக்குக் காரணம் கூறுவோர் நான்கு மதத்தினர்.

பல்ப் மதத்தினர் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். எரியவில்லையா, பல்ப் போயிருக்கும், மாற்று. அவ்வளவுதான் அவர்கள் கொள்கை. எளிய கொள்கை என்பதற்காக இகழத் தேவையில்லை, சில சமயம் பல்ப் உண்மையிலேயே போயிருக்கும். இவ்வகைக் கார்களில் டெயில் லைட்டுக்கும் பிரேக்குக்கும் பொதுவாக ஒரே பல்ப். ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள்: 5 வாட் இழை டெயிலுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. பித்தளைக் கழுத்தில் இரண்டு முளைகள் இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒன்று சற்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் இருப்பது தெரியும். பல்பைத் திருப்பிப் போட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. போட முடியாததைப் போடவைப்பது நம் கைத்திறன். அரத்தால் ஒரு முளையை லேசாக ராவிவிட்டால் பல்ப் எந்தப் பக்கமும் உள்ளே போகும். போன பிறகு இரவெல்லாம் 21 வாட் இழை எரிந்துகொண்டிருக்கும், மிதித்தால் 5 வாட் சேரும். பின்னால் வருபவருக்கு இந்தக் கார் மதுரையிலிருந்து திருச்சிவரை பிரேக் பிடித்துக்கொண்டே போவதாகத் தோன்றும். உண்மையிலேயே பிடிக்கும்போது ஒன்றும் தோன்றாது.

பல்பைப் புருவத்துக்கு மேலே உயர்த்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இழை அறுந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது இம்மதத்தின் சடங்கு. இரண்டு இழைகளில் எது எது என்று தெரியாமலேயே பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள். தடித்தது 21 வாட்.

ஃபியூஸ் மதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய லூகாஸ் ஃபியூஸ் பெட்டியில் வேலை பார்ப்பவை இரண்டே ஃபியூஸ்கள், கண்ணாடிக் குழலுக்குள் 35 ஆம்பியர் கம்பி. கூடவே உபரியாக இரண்டு, அல்லது உபரி இருந்த வெற்றிடம். சாவியைத் திருப்பினால் உயிர்பெறும் ஃபியூஸ் ஒன்றில்தான் பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர், பெட்ரோல் மீட்டர் எல்லாம் தொங்குகின்றன. எனவே பிரேக் லைட்டோடு இண்டிகேட்டரும் வைப்பரும் சேர்ந்து படுத்தால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் முள் படுத்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாமே எனின், அற்றன்று; அம்பாசடரில் பெட்ரோல் முள் படுத்திருப்பது தன்னளவில் எதற்கும் சான்றாகாது. போன ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகும் மரபும் உண்டு. அதன்பின் அந்தக் காரில் ஃபியூஸ் போகவே போகாது. ஒயர்தான் போகும்.

சுவிட்ச் மதத்தினரின் வாதம் கேட்கத் தக்கது. பிரேக் ஆயில் ஓடும் குழாய்ச் சந்திப்பில், விரல்கனமுள்ள ஒரு பித்தளைக் குப்பி திருகியிருக்கும். அதன் தலையில் இரண்டு ஒயர்கள். பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தம் அதற்குள் இருக்கும் தகட்டைத் தள்ளி, இரண்டு முனைகளையும் சேர்த்துவைக்கும். விளக்கு எரியும். பின்னாளில் வந்த கார்களில் இந்த சுவிட்ச் பெடல் கம்பியின் மேலேயே உட்கார்ந்து, பெடல் அசைந்த உடனேயே எரியவைக்கிறது. ஆயில் வகை சுவிட்ச் ஒரேயடியாகச் சாவதில்லை. ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் உள்முனைகள் கொஞ்சம் தீய்ந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அதிக அழுத்தம் கேட்கத் தொடங்கும். அழுத்தி மிதிக்கும் லாரி அனுபவக்காரர் ஓட்டினால் விளக்கு எரியும். மெல்ல மிதிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஓட்டினால் எரியாது. ஒரே கார் ஒருவரிடம் நோயாளியாகவும் மற்றவரிடம் ஆரோக்கியமாகவும் இருப்பதன் காரணம் இதுதான். ராகு காலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சோதனை எளிது. சாவியைப் போட்டு, சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்துப் பார்க்க வேண்டும். எரிந்தால் குற்றம் சுவிட்சுடையது. எரியாவிட்டால் சுவிட்ச் நிரபராதி, அதை மேலும் துன்புறுத்தக் கூடாது. புது சுவிட்சும் சில மாதங்களில் தீய்ந்துபோகிறதே என்பவர்களுக்கு: இரண்டு 21 வாட் பல்பும் சேர்ந்து இழுப்பது 3.5 ஆம்பியர். அந்தச் சுமையை ஒரு ரிலேவின் தோளுக்கு மாற்றிவிட்டு, சுவிட்சை ரிலேவின் சுருளை மட்டும் தட்டி எழுப்பும் வேலையில் வைத்தால் நெடுநாள் உழைக்கும். இந்த யோசனையைச் சொல்லும் மெக்கானிக்கை நம்பலாம்.

நான்காவது எர்த் மதம். இக்கட்டுரையாளர் அதைச் சேர்ந்தவர் என்பதை மறைத்துப் பயனில்லை.

எர்த் மதத்தின் சித்தாந்தம்

விளக்குக்குப் போகும் கரண்ட் ஒயர் வழியே போகிறது. திரும்பி வருவது காரின் உடம்பு வழியே. ஆகவே விளக்கின் அடித்தட்டு, அதைப் பின் மட்கார்டோடு பிணைக்கும் திருகு, மட்கார்டு, பாடி, பேட்டரியின் எர்த் பட்டை எல்லாம் ஒயர்தான். போகும் பாதையை எல்லோரும் தேடுகிறார்கள். திரும்பும் பாதையைத் தேடுபவர் அரிது. அது கண்ணுக்கு ஒயராகத் தெரியாமல் காராகத் தெரிகிறது.

இப்போது அந்தச் சிறுமியிடம் திரும்புவோம். பிரேக் இழையின் தடை, சூடேறிய நிலையில், ஏறத்தாழ 7 ஓம். திருகின் அடியில் துரு ஏறி அங்கே 1 ஓம் தடை சேர்ந்தது என்று கொள்வோம். சிறு துரு, விரலால் துடைத்தால் ஒட்டும் அளவுதான். ஓம் 1827-இல் எழுதி வைத்த விதிப்படி பல்புக்குக் கிடைப்பது 12 வோல்ட்டுக்குப் பதில் பத்தரை. ஒன்றரை வோல்ட்தானே என்று தள்ள முடியாது: இழை விளக்கின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிடப் பல மடங்கு வேகமாகச் சரியக்கூடியது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பகல் வெயிலில், வெளுத்த சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால், அது எரியற மாதிரி இருக்கும். சிறுமி சொன்னது அளவீடு.

துரு முற்றினால் காட்சிகள் விசித்திரமாகும். நேர்வழியில் திரும்ப முடியாத கரண்ட், அதே பல்பின் டெயில் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, டெயில் ஒயர் வழியே மறுபக்க விளக்குக்குப் போய், அங்கே எர்த்தைக் கண்டுகொள்கிறது. பட்டப்பகலில், லைட் சுவிட்சைத் தொடாமலேயே, பிரேக் மிதித்தால் முன்னால் பார்க்கிங் லைட் மங்கலாக விழிக்கிறது. இரவில் டெயில் லைட் எரியும்போது மிதித்தால், பிரகாசம் கூடுவதற்குப் பதில் இருந்த வெளிச்சமும் அணைகிறது; இரண்டு இழைகளின் முனைகளிலும் 12 வோல்ட் வந்து நின்றுவிட்டால் ஓடுவதற்கு இடமில்லை. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் தாளம் தட்டுகிறது. இந்தக் காரில் ஏதோ இருக்கிறது என்று எலுமிச்சம்பழம் கட்டியவர்கள் உண்டு. பழத்தை மிளகாயோடு கட்டிய அதே கையால் அடித்தட்டுத் திருகைக் கழற்றி எமரி தாள் போட்டிருந்தால் ஏதோ போயிருக்கும்.

அஃதேல், துரு நீங்கப் புதிதாகப் பெயிண்ட் அடித்த காரில் இந்நோய் வராதன்றோ எனின், அங்கேதான் அதிகம் வரும். பழைய காரை ஆசையோடு புதுப்பிக்கிறவர் முதலில் பெயிண்ட் அடிக்கிறார். சப்பை தட்டி, பட்டி பார்த்து, பிரைமர் போட்டு, மேலே பளபளவென்று மூன்று கோட். விளக்கு உட்காரும் இடத்திலும் மூன்று கோட். அதன்மேல் புது ரப்பர் கேஸ்கெட். பெயிண்டும் ரப்பரும் கரண்ட்டைக் கடத்தா. திருகின் மறைமட்டுமே பாடியைத் தொடும், அதிலும் பெயிண்ட் இறங்கியிருக்கும். கண்காட்சியில் பரிசு வாங்கும் கார் திரும்பும் வழியில் பின்னிருப்போர்க்கு ஒரு சைகையும் காட்டாமல் வருவது இவ்விதமே. மருந்து: விளக்குக் கூட்டிலிருந்து தனியாக ஒரு கறுப்பு ஒயர் இழுத்து, டிக்கிக்குள் யாரும் பார்க்காத ஓரிடத்தில் நகத்தளவு பெயிண்ட்டைச் சுரண்டி, போல்ட் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவுவது. அந்த நகத்தளவு சுரண்டலுக்குச் சம்மதிக்காத உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிடுவதைவிட, கையை வெளியே நீட்டி மேலும் கீழுமாக அசைக்கும் முறையை அவர்களுக்குக் கற்றுத் தரலாம்.

கருவி பற்றி ஒரு தடை விடை

தடை: மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஹோல்டரில் 12 வோல்ட் காட்டுகிறது, ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது. விடை: பல்பைக் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தீர்கள். மல்டிமீட்டர் கரண்ட்டை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொங்கும் ஒயரிலும் அது 12 வோல்ட்டே காட்டும். வேலை வாங்கிப் பார்த்தால்தான் ஒயரின் தரம் தெரியும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப், அதாவது ஹோல்டரில் ஒரு பல்பும் இரண்டு நீள ஒயரும், இவ்விடயத்தில் மல்டிமீட்டரினும் மேலான பிரமாணம். மீட்டரையே விரும்புவோர் பல்பைப் போட்டு, பிரேக்கை முட்டுக் கொடுத்து, ஒரு முனையை விளக்கின் அடித்தட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த் டெர்மினலிலும் வைக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் பாதையில் எங்கோ அடைப்பு. முனையைத் திருகிலிருந்து மட்கார்டுக்கும், மட்கார்டிலிருந்து பாடிக்குமாக நகர்த்திக்கொண்டே போனால், எந்த அடியில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் நோய்.

மூலபாடமும் இடைச்செருகல்களும்

அம்பாசடரின் ஒயரிங் பிரிட்டிஷ் லூகாஸ் மரபைச் சேர்ந்தது. அம்மரபின் மூலபாடம் வியக்கத்தக்க ஒழுங்கு உடையது. பிரவுன் நேராகப் பேட்டரியிலிருந்து வருவது. வெள்ளை சாவிக்குப் பின். பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் பின். சிவப்பு டெயிலுக்கு. கறுப்பு எர்த். பச்சைமேல் ஊதாக் கோடு ஓடினால் அது பிரேக் லைட்டுக்கே உரியது. வேறு எதற்கும் அந்த நிறம் இல்லை. லூகாஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப் லூகாஸ், பர்மிங்காம் தெருக்களில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர். 1879-இல் அவருடைய சைக்கிள் விளக்குக்கு ‘சாலையின் அரசன்’ என்று பெயர். பிற்காலத்தில் பழைய கார்க்காரர்கள் அவருக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டம் மாற்றிக் கொடுத்தார்கள். இது அநியாயம். ஐம்பது வருடம் எஞ்சின் சூட்டிலும் டிக்கி ஈரத்திலும் எலிப் பல்லிலும் கிடந்த ஒயர் எரியவில்லையென்றால் அதைப் போட்டவரைத் திட்டுவது, செல்லரித்த சுவடிக்காகப் புலவரைத் திட்டுவதற்கு ஒப்பு. ஏட்டைப் படியெடுத்தவர்களைப் பார்க்க வேண்டும்.

படியெடுத்தவர்கள் என்றது எலக்ட்ரீஷியன்களை. ஓர் எடுத்துக்காட்டுச் சுவடியின் டிக்கியைத் திறந்து இடப்பக்க அட்டையை நீக்குவோம். முதலில் பச்சை-ஊதா மூல ஒயர் ஒரு சாண் நீளம் வருகிறது. பச்சை சாம்பலாகவும் ஊதா வெறும் நம்பிக்கையாகவும் மாறியிருக்கிறது. அங்கே அது வெட்டுண்டு, வீட்டு ட்யூப்லைட்டுக்கு வாங்கிய மஞ்சள் ஒயரோடு முறுக்கப்பட்டிருக்கிறது. முறுக்கின்மேல் கறுப்புத் துணி டேப். மஞ்சள் அரை அடி போனதும் ஸ்பீக்கர் ஒயராகிறது. அந்த முடிச்சில் சிவப்பு பி.வி.சி. டேப், பசை உருகி விரலில் இழுபடுகிறது. ஸ்பீக்கர் ஒயர் ஒரு பிளாஸ்டிக் கனெக்டரில் போய் முடிய, அதிலிருந்து கிளம்பும் இரண்டு ஒயர்களில் ஒன்று விளக்குக்கும், மற்றொன்று பின் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிய மூன்றாவது பிரேக் லைட்டுக்கும் போகின்றன. இன்னொரு முறுக்கின்மேல் ஆஸ்பத்திரி பிளாஸ்டர்.

டேப்பை வைத்துக் காலம் கணிக்கலாம் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் புதிய முறை. துணி டேப் அடுக்கு மிகப் பழையது. பி.வி.சி. டேப் அடுத்தது. சூடு காட்டினால் சுருங்கும் குழாய் உறை கிடைத்தால் அது நேற்றைய கை. மூன்றாவது பிரேக் லைட்டுக்கும் கால எல்லை வகுக்கலாம்: அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து அது கட்டாயமானது, நம் ஊர் ஆக்சஸரி கடைகளுக்கு வந்து சேர அதற்குப் பின்னும் காலமாயிற்று. ஆகவே அந்தக் கிளை ஒயர் 1986-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. பிளாஸ்டர் எக்காலத்துக்கும் உரியது.

ஒவ்வொரு உரையாசிரியரும் முன்னோரை மறுத்தே தம் உரையைத் தொடங்குவர். அட்டையை நீக்கிய கணத்தில் எழும் வாக்கியம் ஊர்தோறும் ஒன்றே.

“எவன் சார் இதுல கை வச்சான்?”

உரிமையாளர் தோளைக் குலுக்குவார். கேள்வி விடையை எதிர்பார்த்துக் கேட்கப்படுவதில்லை. கூலி பேசுவதற்கான பீடிகை அது. டார்ச் பிடித்துக்கொண்டிருக்கும் பையன் மட்டும் சிலவேளை ஆய்வு நேர்மையோடு குறுக்கிடுவான்.

“அண்ணே, இது நம்ம முடிச்சுண்ணே.”

“டார்ச்ச நேராப் புடிடா.”

பதிப்பாசிரியர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இடைச்செருகல்களை அப்படியே விட்டு அடுத்த முடிச்சைப் போடுவது. அரை மணி நேர வேலை, விளக்கு அடுத்த மழை வரை எரியும். மற்றது, சுவிட்சிலிருந்து பின்விளக்குவரை பச்சை-ஊதாவில் புது ஒயர் ஒரே நீளமாக இழுத்து, பழையதைப் பிடுங்கி எறிவது. பச்சை-ஊதா கிடைக்காவிட்டால் எந்த நிறமும் ஆகும், இரண்டு முனைகளிலும் ஒரே நிறமாக இருக்கும்வரை. சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் 1887-இல் பதிப்பிக்கப் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தார். நமக்கு ஏடு ஒன்றுதான், அதுவும் சிதைந்தது. பிடுங்குவதே பதிப்பு நெறி. பிடுங்கிய ஒயரைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை நீட்டிப் பாருங்கள், காரின் நீளத்தைவிட அது ஏன் அவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதற்கு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எல்.இ.டி. பற்றிச் சிறு குறிப்பு

பழைய ஹோல்டரிலேயே பொருந்தும் எல்.இ.டி. பல்ப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கூறுவோர் உளர். எல்.இ.டி. மிகக் குறைந்த கரண்ட்டிலேயே எரியும். துருப்பிடித்த எர்த் அந்தச் சிறு வேலையைச் செய்துகொடுத்துவிடும். நோய் அப்படியே இருக்கும், காய்ச்சல் மட்டும் தெரியாது. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டால் ரோஸ் நிறம் வரும், சிவப்பே போட வேண்டும். அதனினும் நுட்பம்: அக்காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிடிவ் முனையே பாடியில் கட்டப்பட்டிருந்தது. அவ்வண்டி மாற்றப்படாமல் இன்னும் அப்படியே இருந்தால், நம் கடையில் விற்கும் எல்.இ.டி. அதில் எரியாது. இழை பல்புக்குத் திசை பற்றிய கொள்கை ஏதும் இல்லை, எப்படி வந்தாலும் எரியும்.

எரியாமை தீர்ந்தபின் வரும் அணையாமை

இது தலைப்புக்குப் புறம்பானது. ஆயினும் முன்னதற்குச் செய்த சிகிச்சையால் விளைவதாகையால் சேர்க்கிறோம்.

மூலபாடப்படி பிரேக் லைட் சாவி போட்டால்தான் எரியும். இடைச்செருகல்காரர் ஒருவர், ஃபியூஸ் பெட்டிவரை போய்த் தேட அலுத்து, பிரவுன் ஒயரில் கடித்து நேராகப் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்திருந்தால், சாவியை எடுத்த பின்னும் அது எரியும். சுவிட்ச் மூடியபடியே நின்றுவிட்டால் 3.5 ஆம்பியர் இரவெல்லாம் போகும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி என்று கொண்டால், பதினேழு மணி நேரத்தில் முழுதும் காலி. ஸ்டார்ட்டர் அதற்கு வெகு முன்பே, விடிந்ததும், உறுமாமல் ‘டக்’ என்று மட்டும் சொல்லும். தெருப் பிள்ளைகளைத் தள்ளக் கூப்பிட வேண்டிவரும்.

அப்போது சுவிட்சைக் குற்றம் சாட்டி உடனே மாற்றிவிடக் கூடாது. பெடலுக்கு ஃப்ரீ பிளே இல்லாவிட்டாலோ, மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை அடைத்துக்கொண்டாலோ, காலை எடுத்த பின்னும் குழாயில் அழுத்தம் தங்கிவிடும். பிரேக் பிடித்தபடியே இருக்கும். சுவிட்ச் தன் கடமையைச் செய்கிறது, விளக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரங்களின் டிரம்மருகே புறங்கையை வைத்துப் பார்க்கவும். சுட்டால் விளக்கை விட்டுவிட்டு பிரேக்கைப் பார்க்க வேண்டும். சுடாவிட்டால் சுவிட்ச். இரண்டில் எது என்று தெரியாத இரவில், பேட்டரியின் எர்த் டெர்மினலைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, கடிகாரமும் ரேடியோவும் நேரம் மறந்துபோகும் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படுக்கவும்.